நிற்கத் தெரிந்த தறி

தரத்தைப் பேணினால் விலை ஏறும். விலையைக் குறைத்தால் தரம் தாழும் என்பது சந்தையில் நிலவும் பொதுக்கருத்து. இது முழு உண்மையன்று என்பதற்கு ஜப்பானியத் தறியொன்றே சான்று.

சாக்கிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படாததால் நூல் வீணாகவில்லை. ஒவ்வொரு தறிக்கும் காவல் தேவைப்படாததால் ஒரு தொழிலாளியே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. தரமும் உயர்ந்தது, செலவும் குறைந்தது. அவர் குடும்பத்தார் பின்னர்த் தொடங்கிய மகிழுந்து ஆலையிலும் இக்கொள்கையே வேரூன்றியது. குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் உதவிக்கு ஆள் வருவர். குறை உடனே தீராவிடில் உற்பத்தி நிற்கும். முளையிலேயே கிள்ளப்படும் பிழைக்குச் சில நிமிடங்களே விலை. வாங்கியவர் கையில் வெளிப்படும் பிழைக்கோ நிறுவனத்தின் நற்பெயரே விலை.

அந்நிறுவனமே இடறிய காலமும் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் பல இலட்சம் மகிழுந்துகளை அது திரும்பப் பெற நேர்ந்தது. வளர்ச்சியின் வேகம் அளவு கடந்திருக்கலாம் என்று அதன் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

போட்டிக்கு விரைவு தேவையே. ஆயினும், பிழை கண்ட இடத்தில் நிற்கத் துணியாத விரைவு நெடுந்தொலைவு செல்லாது. ‘நிறுத்துக’ என்று சொல்லும் உரிமையைக் கடைநிலைத் தொழிலாளிக்கும் வழங்கும் ஆலையே தரத்தையும் சந்தையையும் ஒருங்கே காக்கும்.