பஸ் ஸ்டிரைக் என்றாலே சம்பள உயர்வுதானா? பேச்சுவார்த்தை மேசையில் தொழிற்சங்கங்கள் கேட்பது என்ன? முழு விவரம்

"பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், இந்த நேரத்துலதான் ஸ்டிரைக் பண்ணுவாங்களா?"

அரசுப் பேருந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தாலே சமூக வலைதளங்களில் முதலில் வரும் கேள்வி இதுதான். 2018 ஜனவரியிலும் இதே கேள்வி வந்தது, 2024 ஜனவரியிலும் வந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டு முறையும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் கொண்டுபோன கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சம்பள உயர்வு அதில் ஒரு வரிதான். மற்ற வரிகளில் சில, ஏற்கெனவே சேர வேண்டிய, ஆனால் வந்து சேராத பணத்தைப் பற்றியவை.

அது என்ன பணம்? ஏன் வரவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2024-ல் என்ன கேட்டார்கள்?

2024 ஜனவரி 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சங்கங்கள் வைத்த ஆறு முக்கியக் கோரிக்கைகள்:

- போக்குவரத்துக் கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறையை அரசே பட்ஜெட்டில் ஏற்க வேண்டும்
- 15-வது ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டும்
- ஓய்வூதியர்களுக்கு நிலுவையில் இருக்கும் 96 மாத அகவிலைப்படியைத் தர வேண்டும்
- ஓய்வு பெற்றவர்களின் பணப்பலன்களை உடனே கொடுக்க வேண்டும்
- காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்
- பழைய ஓய்வூதியத் திட்டத்தை அமல்படுத்த வேண்டும்

இதில் 96 மாதம் என்ற எண்ணைக் கவனியுங்கள். அதாவது எட்டு வருடம். 58, 60 வயதில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய ஒருவருக்கு, அரிசி பருப்பு விலை ஏறியும் எட்டு வருடமாக அகவிலைப்படி ஏறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

சென்னை உயர் நீதிமன்றம் பொங்கல் நேரத்தில் மக்கள் சிரமப்படுவதைச் சுட்டிக்காட்டியது. அதையடுத்து சங்கங்கள் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. ஜனவரி 19-ல் மீண்டும் பேச்சுவார்த்தை என்று முடிவானது.

இவர்கள் அரசு ஊழியர்கள்தானே?

பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. பஸ்ஸில் 'அரசு' என்று எழுதியிருக்கும். ஆனால் ஓட்டுநரும் நடத்துநரும் சட்டப்படி அரசு ஊழியர்கள் இல்லை. அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளின் தொழிலாளர்கள்.

1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதில் இருந்தே இந்த அமைப்புதான். இன்று சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி கழகங்கள் என மொத்தம் எட்டு. இவற்றில் வேலை செய்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதனால் என்ன ஆகிறது? அரசு ஊழியருக்கு அரசாணை போட்டால் சம்பளமும் அகவிலைப்படியும் ஏறும். போக்குவரத்துத் தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளம் உயர, சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டும். தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ் போடப்பட்டு வந்த ஒப்பந்தம் அது. அதனால்தான் குரோம்பேட்டை பயிற்சி மையத்திலோ, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலோ பேச்சுவார்த்தை என்று அடிக்கடி செய்தி வருகிறது.

ஒப்பந்தம் எப்போதாவது நேரத்துக்கு முடிந்திருக்கிறதா?

கடைசி மூன்று ஒப்பந்தங்களைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

- 13-வது ஒப்பந்தம்: 2016 செப்டம்பரில் வர வேண்டியது, கையெழுத்தானது 2018 ஜனவரியில்
- 14-வது ஒப்பந்தம்: 2019 செப்டம்பரில் வர வேண்டியது, கையெழுத்தானது 2022 ஆகஸ்டில்
- 15-வது ஒப்பந்தம்: 2023 செப்டம்பரில் வர வேண்டியது, கையெழுத்தானது 2025 மே மாதத்தில்

மூன்றுமே லேட். 14-வது ஒப்பந்தம் ஏறக்குறைய மூன்று வருடம் தள்ளிப்போனது. அதில் 5 சதவீத உயர்வு. 15-வதில் 6 சதவீதம். சதவீதம்தான் தலைப்புச் செய்தியாக வரும். ஆனால் தொழிலாளி வீட்டில் கேட்கும் கேள்வி "எத்தனை சதவீதம்" என்பது மட்டுமில்லை. "எந்த மாசத்துல இருந்து கணக்கு? அரியர் எப்போ கைக்கு வரும்?" என்பதும்தான். தேதி ஒரு வருடம் தள்ளிப்போனால், உயர்வின் ஒரு பகுதி அப்படியே காணாமல் போகும்.

2.57, 2.44: அந்தக் கணக்கு என்ன?

2018 ஜனவரி 4-ம் தேதி மாலை தொடங்கி எட்டு நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில் இந்த இரண்டு எண்களும் எல்லா சேனல்களிலும் ஓடின. அரசு ஊழியர்களைப் போல, பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. 2.44 மடங்குதான் தர முடியும் என்று அரசு சொன்னது.

சிம்பிளா ஒரு கணக்கு போடுவோம். ஒருவரின் பழைய அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2.57 மடங்கு என்றால் 25,700. 2.44 மடங்கு என்றால் 24,400. மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் அகவிலைப்படி, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாமே அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். எனவே ஓய்வு பெறும் வரைக்கும், அதற்குப் பிறகும் இந்த வித்தியாசம் கூடவே வரும்.

உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்த பிறகே பஸ்கள் ஓடின. அடுத்த சில நாட்களில், ஜனவரி 20-ம் தேதி, பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. 2011 நவம்பருக்குப் பிறகு வந்த பெரிய கட்டண உயர்வு அது.

பிடித்த பணம் எங்கே போனது?

இதுதான் விஷயத்தின் மையம். தொழிலாளியின் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று பல வரிகள் இருக்கும். வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம். சம்பளத்தில் பிடித்த பணத்தை நிர்வாகம் உரிய இடத்தில் கட்ட வேண்டும்.

அப்படிக் கட்டாமல், டீசலுக்கும் அன்றாடச் செலவுக்கும் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் சங்கங்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. ஓய்வுக்காலப் பலன்களையும் சேர்த்து, தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய சுமார் 7,000 கோடி ரூபாயைக் கழகங்கள் செலவழித்துவிட்டன என்று 2018 போராட்டத்தின்போது அவர்கள் சொன்னார்கள்.

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்தவருக்குக் கடன் கிடைக்காது. பிரீமியம் போகவில்லை என்றால் பாலிசியே சிக்கலாகும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பி.எஃப். பணம் ஓய்வு பெற்ற அன்று வராது. பணிக்கொடையை 30 நாளில் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டுத்தான் ரிட்டயர் ஆனவர்கள் டெப்போ வாசலில் கொடி பிடித்து நிற்கிறார்கள்.

கழகங்களிடம் ஏன் பணம் இல்லை?

டீசல் விலை, உதிரிபாகம், சம்பளம் எல்லாம் ஏறுகிறது. ஆனால் 2018-க்குப் பிறகு அரசுப் பேருந்துகளுக்குப் பொதுவான கட்டண உயர்வு வரவில்லை. லாபம் வராத கிராமத் தடத்திலும் பஸ் போயாக வேண்டும். மாணவர்களுக்கு இலவச பாஸ் கொடுத்தாக வேண்டும். மக்களுக்கு இது நல்ல விஷயம். ஆனால் அதற்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

"பெண்களுக்கு இலவசம்னு விட்டதாலதான் நஷ்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. தேதியைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது 2021 மே மாதத்தில். நிலுவைத் தொகைக்காக எட்டு நாள் ஸ்டிரைக் நடந்தது 2018-ல். அதோடு, விடியல் பயணத் திட்டத்துக்காக அரசு கழகங்களுக்கு மானியம் தருகிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

மானியம் வரும் பயணத்துக்குக் கணக்கு இருக்கிறது. நஷ்டத்தில் ஓடும் மற்ற தடங்களுக்கு அப்படி ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும் என்பதுதான் சங்கங்கள் கேட்கும் 'வரவு செலவு பற்றாக்குறை' கோரிக்கை. பட்டியலில் அது வரவில்லை என்றால் மற்ற ஐந்தும் ஒவ்வொரு பொங்கலுக்கும் திரும்ப வரும்.

அரசுத் தரப்பு வாதமும் இருக்கிறது. பல வருட நிலுவை ஒரே ஆட்சிக் காலத்தில் சேர்ந்தது இல்லை, நிதி நெருக்கடிக்கு நடுவே படிப்படியாகத்தான் தர முடியும் என்கிறார்கள். மேசையில் யார் ஆட்சியில் உட்கார்ந்தாலும் இந்தப் பதில் பெரிதாக மாறுவதில்லை.

சங்கங்களுக்குள் ஒற்றுமை இருக்கிறதா?

இங்கே ஒரு நெருடல். 2018-ல் அ.தி.மு.க. ஆட்சி. அண்ணா தொழிற்சங்கப் பேரவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, தி.மு.க.வின் தொ.மு.ச., சி.ஐ.டி.யு. உள்ளிட்டவை பஸ்ஸை நிறுத்தின. 2024-ல் தி.மு.க. ஆட்சி. தொ.மு.ச. வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளவில்லை, அண்ணா தொழிற்சங்கப் பேரவை கலந்துகொண்டது. சி.ஐ.டி.யு. இரண்டு முறையும் போராட்டத்தில் இருந்தது.

ஆட்சி மாறினால் சில சங்கங்களின் நாற்காலியும் மாறுகிறது என்பதைத் தொழிலாளர்களே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். ஆள் மாறினாலும் கோரிக்கைப் பட்டியல் மட்டும் மாறவில்லை.

ஆள் பற்றாக்குறை பயணிகளுக்கும் பிரச்னையா?

நேரடியாகவே பிரச்னைதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதைப் பொதுவான வரம்பாக வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நேர ஓய்வு. ஆனால் டெப்போவில் ஆள் இல்லை என்றால், டியூட்டி முடிந்து இறங்குபவரையே "இன்னொரு சிங்கிள் போயிட்டு வந்துடுப்பா" என்று அனுப்புவார்கள். தூக்கமில்லாத கண்ணோடு ஓட்டும் அந்த பஸ்ஸில் நாமும்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

2025 மார்ச்சில் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இன்னொரு பக்கம் ஒப்பந்த முறையும் வளர்கிறது. தனியார் மூலம் ஒப்பந்த ஓட்டுநர்களை எடுப்பதை எதிர்த்து 2023 மே 29 மாலை சென்னையில் பஸ்கள் திடீரென நின்றது நினைவிருக்கலாம். 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். ஓட்டுநர் தனியார் நிறுவனத்தின் ஆள். ஒரே பஸ்ஸில் இரண்டு முதலாளிகள். அந்த ஓட்டுநருக்காக இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் யார் பேசுவது என்பது சங்கங்களுக்கு முன்னால் இருக்கும் புதிய கேள்வி.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பால் என்ன மாறும்?

மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புதான் இங்கே முக்கியம்.

- வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பேருந்து போன்ற பொதுச் சேவைகளுக்கு இது முன்பே உண்டு, இப்போது எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும்
- சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது
- பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான்
- 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லை என்றால், 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்கும்

கடைசி அம்சம்தான் பெரிய மாற்றம். ஏராளமான சங்கங்கள் ஒரே அறையில் உட்காரும் இப்போதைய முறை இதனால் சுருங்கலாம். பேச்சு சீக்கிரம் முடியும் என்பது ஒரு பார்வை. ஆளுங்கட்சி ஆதரவுச் சங்கம் மட்டும் மிஞ்சினால் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது என்பது சிறிய சங்கங்களின் பயம். மாநில விதிகளும், உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் முறையும் எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் இது அமையும்.

அடுத்த முறை எதைக் கவனிக்கலாம்?

அடுத்த ஸ்டிரைக் நோட்டீஸ் வரும்போது "எத்தனை சதவீதம் கேட்கிறார்கள்" என்பதோடு இந்த மூன்றையும் பாருங்கள்:

1. பழைய ஒப்பந்தம் எப்போது முடிந்தது, எத்தனை மாதம் தாமதம்?
2. ஓய்வு பெற்றவர்களின் நிலுவைக்குத் தேதி சொல்லப்பட்டதா, "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு முடிந்ததா?
3. கழகங்களின் பற்றாக்குறைக்கு பட்ஜெட்டில் தனியாக நிதி ஒதுக்கப்பட்டதா?

மூன்றாவதற்குப் பதில் "இல்லை" என்றால், அந்தப் பற்றாக்குறையை வேறு யாரோ தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருடம் அதைத் தாங்கியவர்களில், பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு சம்பளச் சீட்டை மடித்து பாக்கெட்டில் வைக்கும் அந்த ஓட்டுநரும் ஒருவர்.