பெட்ரோல் வரியில் லிட்டருக்கு ஒரு ரூபாயைப் பேருந்துக்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மதுரை நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பேருந்தில் வேலைக்குச் சென்று வருவோர் சங்கப் பொறுப்பாளர்கள்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: எரிபொருள் வரி வருவாயில் ஒரு பகுதியைப் பேருந்துக்கு ஒதுக்கவும், அதிகாலையிலும் இரவிலும் கூடுதல் பேருந்துகள் இயக்கவும் கோருதல் தொடர்பாக.



பெட்ரோல் விலையைக் குறைக்கச் சொல்லித் தங்களிடம் எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். நாங்கள் அதைக் கேட்டு வரவில்லை. விலை கூடுதலாக இருந்தால் வண்டி ஓட்டம் குறையும், அது ஊருக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை எங்கள் சங்கம் ஏற்கிறது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; நாட்டிலேயே அதுதான் அதிகம். 17,884 உயிர்கள் போயின. மாசி வீதிகளிலும் கீழவாசலிலும் மாலை நேரத்தில் நடந்து போகிறவருக்கு ஒதுங்க இடமில்லை. வண்டிகள் குறைந்தால் முதலில் மகிழ்பவர்கள் நாங்களாகவே இருப்போம். ஆனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவருக்கு ஏறுவதற்கு ஒரு பேருந்து வேண்டும். அது இல்லாத ஊரில் விலை உயர்வு தண்டனையாக மட்டுமே முடிகிறது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயியைப் பாருங்கள். விடியுமுன் மொட்டைப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விரைகிறார். மொட்டு விரிந்துவிட்டால் விலை போய்விடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இப்படித்தான் சந்தைக்கு வருகிறது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் நிற்கும் பையன்களுக்கோ கடை அடைத்து, துணிகளை மடித்து வைத்துவிட்டு வெளியே வரவே இரவு பத்து மணியாகிவிடும். கிராமத்துக்கான கடைசி வண்டி அதற்குள் போயிருக்கும். தவணையில் பைக் வாங்குகிறார்களே என்று அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பங்க்கில் நூறு ரூபாய்க்குப் போட்டால் இன்று ஒரு லிட்டர்கூட வருவதில்லை. விலை ஏறினாலும் இவர்களால் பயணத்தைக் குறைக்க முடியாது. வீட்டில் பாலையும் காய்கறியையும்தான் குறைக்கிறார்கள். காரில் போகிறவர் அதே ஏற்றத்தைப் பெரிதாக உணர்வதுமில்லை.

2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. அன்று நிதியமைச்சராகவும் நம் மதுரை மத்திய தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, உழைக்கும் ஏழைகளின் சுமையைக் குறைக்கவே இது என்று விளக்கினார். அதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றும் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கின்படி, லிட்டருக்கு ஒரு ரூபாய் வரி என்பது ஆண்டுக்குச் சுமார் 387 கோடி ரூபாய். எங்கள் மனுவின் உயிர் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஒன்றிய அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2014இல் லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த பெட்ரோல் கலால் வரி 2020 மே மாதத்தில் 32.98 ரூபாயானது. 2021 தொடக்கத்தில் வசூலான 32.90 ரூபாயில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படை வரி வெறும் 1.40 ரூபாய். பின்னர் இரண்டு தவணையாக வரி குறைக்கப்பட்டது உண்மை. என்றாலும் மக்கள் கொடுத்த பணத்தில் பேருந்தாகத் திரும்பி வந்தது எவ்வளவு?

விலை ஏற்றம் பேருந்தையும் விடுவதில்லை. 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலை உயர்த்தப்பட்டபோது, அரசுப் பேருந்துகள் சில்லறை பங்க்குகளில் வரிசையில் நின்று டீசல் போட்டன. 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது டீசல் விலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகே கொஞ்சம் குறைந்தது. வண்டி ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய விலை, பேருந்துக் கட்டணத்தை ஏற்றி, பயணிகளை மறுபடி பைக்கின் மேல் உட்கார வைத்தால் யாருக்கு லாபம்?

கட்டணமும் பேருந்தும் சேர்ந்து வந்த ஊரும் உண்டு: லண்டனில் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்தபோது, அதே நாளில் 300 கூடுதல் பேருந்துகளை இறக்கினார்கள். கட்டண வருவாயும் போக்குவரத்துக்கே என்று சட்டம் சொன்னது. மாறாக, பிரான்சில் 2018இல் பேருந்து வசதியில்லாத சிற்றூர்களின் மேலும் எரிபொருள் வரியை ஏற்றப் பார்த்தார்கள். மஞ்சள் அங்கி அணிந்து மக்கள் சாலையை மறித்தார்கள், வரி உயர்வு கைவிடப்பட்டது. நம் ஊரிலேயே 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வரும் பெண்கள் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் காசு மிச்சம் பார்க்கிறார்கள்.

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் திட்டம், மக்கள்தொகை போதாது என்று 2025 நவம்பரில் டெல்லியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அது என்றைக்கு வந்தாலும் வரட்டும். அதுவரை மதுரைக்குப் பேருந்துதான் கதி.

ஆகவே, பெட்ரோல் மீதான மாநில வரியில் லிட்டருக்கு ஒரு ரூபாயைத் தனிக் கணக்கில் வைத்து, புதிய பேருந்து வாங்கவும் ஓட்டுநர், நடத்துநர் நியமிக்கவும் மட்டுமே செலவிட வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை, தங்கள் பரிந்துரையுடன் நிதித் துறைக்கு அனுப்பித் தருமாறு வேண்டுகிறோம். நகரப் பேருந்துகளுக்குப் போடும் டீசலுக்கான மாநில வரியையும் திருப்பித் தர வேண்டும்.

இவை சென்னையில் முடிவாக வேண்டியவை. தங்கள் அளவிலேயே தொடங்கக்கூடியதும் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் தடங்களில் இரவு பத்தரை மணிக்குப் பிறகு ஒரு பேருந்து. பூவும் காய்கறியும் ஏற்ற அனுமதியோடு அதிகாலை நான்கு மணிக்கு ஒன்று. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒன்று. பேருந்தே எட்டாத ஊர்களுக்கு மினிபஸ் தடங்களை ஒதுக்கும்போது எங்களையும் கலந்து பேச வேண்டும். போக்குவரத்துக் கழக அலுவலர்களையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் அழைத்து, பள்ளிகள் திறப்பதற்கு முன் ஒரு கூட்டம் நடத்தித் தருமாறும், எந்தத் தடத்தில் எந்த நேரத்துக்கு வண்டி தேவை என்று ஊர்வாரியாக எழுதி இத்துடன் இணைத்துள்ள பட்டியலை அக்கூட்டத்தில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மதுரை.