பிசிபி வெட்டியாச்சே, பிறகு எதற்கு அபராதம்?

"சம்பளத்துல மாசாமாசம் வரி வெட்டுறாங்களே, நான் எதுக்கு இன்னும் பாரம் அனுப்பணும்?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்து, இப்போது செம்போங் தொழிற்சாலையிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு நடுவில் ஒருமுறை கம்பெனி மாறினீர்கள். விலக்குகள் போக வரிக்குரிய வருமானம் 50,000 ரிங்கிட். 2023 வரி ஆண்டுக்கான விகிதப்படி வரி 1,500 ரிங்கிட். பிசிபியில் 1,600 போய்விட்டது. 100 ரிங்கிட் திரும்ப வரணும், அவசரமில்லை என்று ஏப்ரல் 30-ஐயும் இ-ஃபைலிங்குக்கான கூடுதல் அவகாசமான மே 15-ஐயும் விட்டுவிட்டீர்கள்.

1967 வருமான வரிச் சட்டத்தின் 112(3) பிரிவு, நீங்கள் வைத்திருக்கும் பாக்கியைப் பார்ப்பதில்லை. பிசிபியைக் கழிப்பதற்கு முந்தைய முழு வரியின்மேல் அபராதம் விழுகிறது. உச்சவரம்பு அந்த வரியைப்போல மூன்று மடங்கு. நடைமுறையில், 12 மாதத்துக்குள்ளான தாமதத்துக்கு எல்.எச்.டி.என் 15 விழுக்காடு போடுகிறது. அதற்குமேல் போனால் ஏறும். 1,500-க்கு 225 ரிங்கிட். நூறு வாங்க வேண்டியவர் 125 கட்டிவிட்டு வருவார்.

பிரிட்டனில் முதல் அபராதம் எல்லாருக்கும் 100 பவுண்டுதான். நம் ஊரில் அது விழுக்காட்டுக் கணக்கு என்பதால் சம்பளம் உயர உயர வலியும் உயரும். (ஒரே முதலாளியிடம் 12 மாதமும் வேலை செய்து, பிசிபியும் சரியாக வெட்டப்பட்டிருந்தால் அதையே இறுதி வரியாக ஏற்றுக்கொள்ள ஒரு வழி உண்டு. கம்பெனி மாறியதால் அது உங்களுக்குப் பொருந்தாது.)

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வில்லங்கம், முகவரி. முதல் வேலையில் வரி எண் எடுத்தபோது அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். தோட்டத்துக் கடிதம் பெரும்பாலும் ஆபீசுக்குத்தான் வரும். குடும்பம் இடம் மாறிவிட்டால் அது அங்கேயே தூசி படிந்து கிடக்கும். சட்டமோ, கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே போதும் என்கிறது. "எனக்கு லெட்டரே வரல" என்பதை மட்டும் வைத்துத் தப்பிக்க முடியாது. மைடேக்ஸில் இ-கெமாஸ்கினி வழியாக இன்றைக்கே முகவரியை மாற்றுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

அபராதக் கடிதம் கைக்கு வந்துவிட்டதா? முதலில், அனுப்பாத பாரத்தை அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு நீங்களே பேசலாம். ஏஜெண்ட் வேண்டும் என்று கட்டாயமில்லை. சிரம்பானில் எல்.எச்.டி.என் கிளை இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக வரி விவகாரம் பார்ப்பவர் உரிமம் பெற்ற முகவராக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். "நான் பாத்துக்கறேன் தம்பி" என்பவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள்.

தகுந்த காரணம் இருந்தால் அபராதத்தைக் குறைக்கவோ முழுதாகத் தள்ளவோ 124-வது பிரிவு தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. அந்த விண்ணப்பம் ஒரு சாதாரணக் கடிதம். எளிய மலாயில் ஒரு பக்கம் போதும்: எந்த ஆண்டு, எவ்வளவு அபராதம், ஏன் தாமதம், ஆதாரம் என்ன. மருத்துவமனை அட்டை, இறப்புச் சான்றிதழ், முதலாளி இஏ பாரத்தைத் தாமதமாகக் கொடுத்ததைக் காட்டும் மின்னஞ்சல் போன்றவை பேசும். "மறந்துட்டேன்" பேசாது. இதுவரை ஒழுங்காகக் கட்டியவர் என்றால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அபராதத்தோடு, அவர்கள் கணக்கிட்ட வரியே தப்பு என்று நினைத்தால் பாதை வேறு. அதற்குக் கியூ பாரம், மதிப்பீட்டு அறிவிப்பிலிருந்து 30 நாள். அந்த முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் வரியைக் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும்; கட்டாத தொகைக்குத் தனியாக 10 விழுக்காடு கூடும். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்கலாம், ஆனால் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள்.