அரிசியில் விஷமில்லை, அடுப்படியில்?

பூச்சிமருந்து அடிக்கமாட்டோம் என்று உறுதியாக இருக்கிறோம். ஆனால் நம் மாப்பிள்ளைச் சம்பாவை வேகவைக்கிற அடுப்பைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? அரிசியில் சொட்டு விஷம் இருக்கக்கூடாது. அதை ஆக்கிப்போடுகிற பெண் மட்டும் நெஞ்சு நிறையப் புகை குடிக்கலாமா? விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் என வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

"அதான் கேஸ் வந்தாச்சே" என்பார்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு கேஸ்தான் சரி. அங்கே விறகு மூட்டினால் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டி படப்பை, மணிமங்கலம் பக்கம் போனால் கதை வேற. கேஸ் இருக்கும் வீட்டிலும் வெந்நீர் வைக்க, நெல் அவிக்க என்று கொல்லையில் மூணு கல் அடுப்பு எரியுது. தென்னை மட்டையும் சவுக்கு மிளாறும் சும்மா கிடைக்கும்போது யார் விடுவார்கள்? விடவும் வேண்டாம். மாற்றவேண்டியது விறகை அல்ல, அந்த மூணு கல்லை.

திறந்த அடுப்பில் பெரும்பாலான சூடு காற்றோடு போய்விடும். நெருப்பைச் சுற்றி மண்ணும் செங்கல்லும் வைத்து அடைத்து, அடியில் காற்று புக கம்பிச் சல்லடை போட்டு, மீதிச் சூட்டைக் கொடியடுப்புக்குத் திருப்பி, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பினால் விறகும் மிச்சம், கண்ணும் எரியாது.

இது புதுசு இல்லை. நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா நடத்திய வார்தா மகன்வாடியிலேயே புகையில்லா அடுப்பு உருவானது. 1983-ல் மத்திய அரசும் திட்டம் போட்டு, மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்தது. 2002-ல் திட்டம் முடிந்தது. பல அடுப்புகள் அதற்கு முன்பே முடிந்திருந்தன. அடுப்பு வாய்க்குப் பாத்திரம் பொருந்தவில்லை, குழாயில் கரி அடைத்தது, சரிசெய்ய ஆளில்லை. சமைப்பவரைக் கேட்காமல் கட்டிய அடுப்பு மூலையில்தான் கிடக்கும்.

அதனால் முதலில் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் பானையை வைத்து அளந்து கட்டுங்கள். குழாயை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்வது ஆண்கள் வேலையாக இருக்கட்டும். விறகு நன்றாகக் காய்ந்திருக்கணும். புறநகரில் வீடு கட்டுகிற இடமெல்லாம் பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை இலவசமாகக் கிடைக்கும். அதை எரிக்கவே கூடாது. அந்தப் புகையும் விஷம், சாம்பலும் விஷம்.

சுத்தமான விறகுச் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. கத்தரி, வாழைக்கு அளவாகப் போடலாம். களர் நிலத்தில் வேண்டாம். இலைதழையை மட்டும் அடுப்புக்குக் கொடுக்காதீர்கள், அது மண்ணுக்குச் சொந்தம்.

நம் பயிற்சிகளில் பஞ்சகவ்யாவுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறோம். அடுப்பு கட்டவும் ஒரு நாள் ஒதுக்குவோம். அன்றைக்குப் பாடம் நடத்துவது சமைக்கிறவர்களாக இருக்கட்டும்.