என் பெயரில் ஒரு சான்றிதழ்

எனக்குப் பார்வை கிடையாது. பத்து வருடமாகக் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என் காதில் படித்துச் சொல்லும். கீபோர்டை வைத்து வேலையை முடிப்பேன். மவுஸைத் தொட்டதே இல்லை. வேலைக்கு எடுத்த அன்றே இதெல்லாம் ஆபீசுக்குத் தெரியும்.

போன வருடம் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரு ஆன்லைன் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். மெயிலைக் கேட்டதும் சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். நான் பக்கத்திலேயே நிற்கும்போது என்னோடு வருபவரிடம் "இவர் எந்த மாடிக்குப் போகணும்?" என்று விசாரிப்பவர்கள், ஒரு வார்த்தை கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள், இவர்களெல்லாம் இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன்.

பயிற்சியைத் திறந்து டேப் கீயைத் தட்டினேன். "பட்டன்" என்றது ஸ்கிரீன் ரீடர். மறுபடி தட்டினேன். "பட்டன்." இன்னொரு தட்டு. "பட்டன்." எது எதற்கு என்று ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. படங்களுக்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. தடுமாறித் தடுமாறி மூன்றாவது பக்கம் வந்தால், சரியான விடையை மவுஸால் இழுத்துக் கட்டத்துக்குள் போடச் சொல்கிறது. கீபோர்டில் அதற்கு வழியே வைக்கவில்லை. நாற்பது நிமிடம் போராடினேன். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துவிட்டது.

பக்கத்து சீட் தம்பி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். "குடுங்கண்ணா, நான் முடிச்சுடறேன்" என்று மவுஸை எடுத்துக்கொண்டான். டக், டக், டக். அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்கு. கடைசிக் கேள்வியை வாய்விட்டுப் படித்தான்: பார்வையற்ற சக ஊழியருக்கு உதவும் முன் என்ன செய்ய வேண்டும்? உதவி தேவையா என்று அவரிடமே கேட்க வேண்டும். அதுதான் சரியான விடை. அதையும் எனக்காக அவனே அழுத்தினான்.

நூற்றுக்கு நூறு. என் பெயரில் சான்றிதழ் வந்தது. அதுவும் வெறும் படமாக வந்ததால், என் பெயரை அதில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். நான் வேலை செய்யத் தெரியாதவன் இல்லையே! என்னைப் பற்றிய பாடத்தின் வாசலிலேயே என்னை உட்கார வைத்துவிட்டு, நான் உள்ளே வந்துவிட்டதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்களே!

எச்.ஆரில் போய்ச் சொன்னேன். "பக்கத்துல இருக்கறவங்க ஹெல்ப் பண்ணுவாங்களே சார், பத்து நிமிஷ வேலைதானே" என்றார்கள். பத்து நிமிடம் இல்லை அம்மா. சம்பளச் சீட்டு, லீவு விண்ணப்பம், இப்போது இது. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தயவில் நின்றால், என்னை நம்பி யார் பதவி உயர்வு தருவார்கள்?

எங்கள் தளத்தில் காது கேளாத ஒரு சகோதரியும் இருக்கிறார். அதே பயிற்சியில் வரும் வீடியோக்களுக்கு எழுத்து வரிகள் இல்லை, சைகை மொழியும் இல்லை. உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், பேசுவது கார்ட்டூன் பொம்மை. அவர் எல்லா வீடியோவையும் ஓட விட்டு, அடுத்து, அடுத்து என்று அழுத்திவிட்டு எழுந்தாராம். அவர் பெயரிலும் சான்றிதழ் உண்டு.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையா? இணையப் பக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி என்ற சர்வதேச வழிகாட்டி 1999-லேயே வந்துவிட்டது. நான் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. மென்பொருளை 2006-ல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கியவரே பார்வையற்றவர். அதற்குக் காசு கிடையாது. பட்டனுக்குப் பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பயிற்சியை வெளியிடும் முன் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் "சரியா இருக்கா பாருப்பா" என்று கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனே!

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதில் வேலைக்குச் சேர்ந்த பின் தரும் பயிற்சியும் இடம்பெற வேண்டும் என்கின்றன 2017-ன் விதிகள். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற முறையை எதிர்த்து ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் ஒரு பார்வையற்றவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டிஜிட்டல் வசதியைப் பெறுவது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைச் செல்போனில் மூன்று முறை கேட்டேன். ஆபீசுக்குப் போனால் அதே "பட்டன், பட்டன்".

ஆன்லைன் பயிற்சி எங்களுக்கு எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? சக்கர நாற்காலியில் இருப்பவர் படி ஏற வேண்டாம். நான் முன்பின் தெரியாத கட்டடத்தில் வகுப்பறையைத் தேடி அலைய வேண்டாம். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். இப்படி எங்களுக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு வழியில் எங்களுக்கே சுவர் எழுப்பியிருக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்!

நேற்று மறுபடி மெயில் வந்தது. இந்த வருடப் பயிற்சியை மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டுமாம். திறந்து பார்த்தேன். அதே பயிற்சி, அதே மூன்றாவது பக்கம். தம்பி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம்ப்பா என்றுவிட்டேன். முடிக்காதவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கட்டும். ஏன் முடிக்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்து கேட்கட்டும்.