வலவன் பிழையோ, பொறியின் பிழையோ?

ஆகாய விமானமொன்று வீழ்ந்து நொறுங்கியதும் யாவரும் வினவும் முதல் வினா, "விமானியின் தவறா, இயந்திரக் கோளாறா?" என்பதாகும். இவ்விரண்டும் வெவ்வேறு பெட்டிகள் என்றும், ஒன்றினுள் அடைத்துப் பூட்டிவிட்டாற் காரியம் முடிந்தது என்றும் எண்ணுகின்றனர் போலும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே என் கருத்து. அன்றியும், இறந்த விமானி மறுமொழி கூற எழுந்து வருவதில்லை. விமானத்தைச் செய்தோருக்கோ வழக்கறிஞரும் உளர், வாய்ப்பேச்சும் உண்டு.

பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெற் விமானமாகிய கொமெற்றின் கதையை எடுத்துக்கொள்வோம். 1952 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26 ஆந் திகதி உரோமாபுரியில் அவ்விமானமொன்று நிலத்தைவிட்டு எழமாட்டாது ஓடுபாதையைக் கடந்து ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை. விமானி அதன் மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினார் என்று பழியை அவர் தலையிற் சுமத்தினர். நான்கு மாதங் கழிந்து, 1953 மார்ச் 3 இற் கராச்சியில் மற்றொரு கொமெற் அவ்வாறே எழமாட்டாது வீழ்ந்து 11 பேர் மாண்டனர். அப்போதும் விமானியே குற்றவாளி. ஆயின், அதன்பின் இறக்கையின் முன்விளிம்பைச் செய்தோரே திருத்தியமைத்தனர். இறக்கையிற் குறை இல்லையாயின் அதனைத் திருத்துவானேன்?

1954 இல் எல்பாத் தீவினருகே ஒன்றும், நேப்பிள்சுக்கு அப்பால் ஒன்றுமாக இரண்டு கொமெற் விமானங்கள் நடுவானிற் சிதறிக் கடலில் வீழ்ந்தன. இங்கிலாந்தின் பார்ண்பரோவில் ஆராய்ச்சியாளர் ஒரு கொமெற்றின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டியுள் வைத்து, பறக்கும்போது அதனுள் ஏறியிறங்கும் அமுக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றியிறக்கினர். அது முன்னர்ப் பறந்தவற்றோடு சேர்த்து ஏறத்தாழ 3,000 பறப்புகளுக்கு ஈடான அளவில், திறப்பொன்றின் மூலையிலே தகடு பிளந்தது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஈற்றில் முறிவதைச் சிறுவரும் அறிவர்; உலோகம் இளைத்துப்போதல் என்பது அதுவே. இதனை இயந்திரக் கோளாறு என்கிறோம். ஆனால், மூலைகளில் எத்துணை விசை திரளும் என்பதைக் குறைவாக மதித்தவர் யார்? வரைபலகையின் முன்னிருந்த மனிதரே. விமானியின் தவறு கணப்பொழுதிற் புலனாகிறது. இவர்களின் தவறு தகட்டினுள்ளே மறைந்து காத்திருக்கிறது.

விமானிகள் பிழையே செய்யார் என நான் வாதிடவில்லை. நம் நாட்டிலேயே, 1974 டிசெம்பர் 4 இரவு, சுராபாயாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக் கட்டுநாயக்காவை நோக்கி வந்த ஒல்லாந்த விமானம் மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதி, இருந்த 191 பேரும் மாண்டனர். தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாக மதித்துத் தாழ இறங்கினர் விமானிகள். எனினும், அவர்கள் நம்பியிருந்த கருவிகள் தவறாகப் பொருள்கொள்ள இடந்தருவன என்பதும் விசாரணையிற் கூறப்பட்டது. 1977 மார்ச் 27 இல் தெனரீப் தீவில், மூடுபனியிடையே, அனுமதி பெறுமுன்னரே தலைமை விமானி ஓடத் தொடங்கியதால் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று உடனிருந்த பொறியியலர் ஐயத்தோடு கேட்டார். விலகிற்று என்று தலைவர் அழுத்திக் கூற, அவர் அடங்கிவிட்டார். அதன் பின்னரே, மூத்தோரை இளையோர் தடுத்துக் கூறுதல் விமானிகளுக்குப் பாடமாகக் கற்பிக்கப்படலாயிற்று. நம் வகுப்பறைகளுக்கு அப்பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018 ஒக்ரோபர் 29 இல் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10 இல் எதியோப்பியாவிலும் போயிங் 737 மக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். விமானிகளின் பயிற்சி போதாது என்றோரும் உளர். உண்மை யாது? ஒரேயொரு உணர்கருவி பொய்யுரைக்க, அதனை நம்பிய கணினி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்திற்று. அப்படியொரு பொறிமுறை உண்டென்பதே முதல் விபத்துக்கு முன்னர் விமானிகளுக்கு அறிவிக்கப்படவில்லை. இன்னதென்று அறியாத ஒன்றோடு போராடித் தோற்றவரைத் தவறிழைத்தவர் என்பது எங்ஙனம்? வலவன் இன்றித் தானே செல்லும் வானூர்தியைச் சங்கப் புலவர் கற்பனை செய்தனர். அத்தகைய ஊர்தி வீழ்ந்தாலாவது அதனை இயற்றிய தச்சனைத் தேடுவார்கள்.

ஆசிரியனாகிய எனக்கு இவ்வெண்ணம் விமானங்களால் வந்ததன்று. சென்ற தவணையில் 32 பயிற்சிக் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். 'குடிதண்ணீர்' என்பதனை மாணாக்கர் 'குடித்தண்ணீர்' என்று எழுதியிருந்தனர். சிவப்பு மையினாற் சுழித்துக்கொண்டே போன கை, பதினைந்தாங் கொப்பியில் நின்றது. ஒருவன் பிழைவிட்டால் அவனைக் கடியலாம், வகுப்பே பிழைவிட்டிருக்கிறதே! வல்லினம் மிகும் இடங்களை விரித்துக் கூறிய நான், வினைத்தொகையில் மிகாது என்பதைக் கூறாது விட்டிருந்தேன். மறுநாள் முதற் பாடவேளையில் அதனைக் கரும்பலகையில் எழுதிய பின்னரே கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.