அருவிக்கு நடுவுல அறுபதாம் கல்யாணம்

வீட்டு விசேஷ வீடியோவை எடிட் பண்ற மக்களே, ஒரு சின்ன விண்ணப்பம். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ எதுவா இருந்தாலும், நடந்த இடத்தை மறைச்சுட்டு அங்கே அருவி, ரோஜாப்பூ, பறக்கிற இதயம்னு ஓட விடாதீங்க. இதைச் சொல்ல நீ யாருன்னு கேட்டா, சொந்தக்காரங்க வீடியோவை ஞாயித்துக்கிழமைகளில் வெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஓசி எடிட்டர், அவ்வளவுதான் :-)

விண்டோஸ் மூவி மேக்கர் காலத்துல இந்தத் தொல்லை வீட்டுக்குள்ள அவ்வளவா வரலை. அதுல படத்துக்கு ஒரே டிராக், மேலே எழுத்து போட இன்னொண்ணு. 2017 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் அதை ஏறக்கட்டிடுச்சு. இப்போ கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்புன்னு எதை எடுத்தாலும் டிராக் மேல டிராக்கா அடுக்கிக்கிட்டே போகலாம். கீழ் டிராக் பின்னாடி, மேல் டிராக் முன்னாடி. வசதி இருக்கேன்னு எல்லாத்தையும் அடுக்கினா எது காணாம போகும்னுதான் யாரும் யோசிக்கிறதில்லை.

எங்க பெரியப்பாவோட அறுபதாம் கல்யாணம் 2006ல, எங்க பழைய வீட்டு முற்றத்துல நடந்துச்சு. வந்த சிடியில மாலை மாத்துற கட்டம் முழுக்க, அவங்க ரெண்டு பேரும் ஓரம் மங்கின ஒரு முட்டை வட்டத்துக்குள்ள நிக்கிறாங்க. சுத்தி ஏதோ ஒரு நாட்டு அருவி. எட்டு செகண்டுக்கு ஒரு தடவை அதே கொக்கு இடப்பக்கத்துலேர்ந்து பறந்து வந்து, பாதியில மறைஞ்சு, மறுபடி இடப்பக்கத்துலேர்ந்து கிளம்புது. அஞ்சரை நிமிஷத்துல 41 தடவை (எண்ணினேன், வேலை வெட்டி இல்லை). அந்த வட்டத்தோட விளிம்புல, அட்சதை போடுற ஒரு கை மட்டும் தெரியும். வளையலை வச்சு சொல்றேன், அது எங்க அப்பத்தா. 2009ல போயிட்டாங்க. வீடும் கைமாறி இடிச்சாச்சு. வெட்டாத டேப் இருக்கான்னு கேட்டதுக்கு, அதுமேலயே அடுத்த கல்யாணத்தை எடுத்துட்டோம்னு பதில் வந்துச்சு. அந்த வட்டத்துக்கு வெளியே தூண் இருந்துச்சு, ஊஞ்சல் இருந்துச்சு, பந்திக்கு ஓடின சித்தப்பாமார் இருந்தாங்க. அருவியை இன்னைக்கும் எங்கே வேணாலும் பார்த்துக்கலாமே!

சென்டிமென்ட் வேணாம்னு சொல்றவங்களுக்கு டெக்னிக்கலா ஒரு காரணம். வீடியோவைச் சுருக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா எழுதுறதில்லை. முந்தின ஃப்ரேமிலேர்ந்து என்ன மாறுச்சோ அதைத்தான் பெரும்பாலும் எழுதும். பின்னாடி ஜிகினா கொட்டிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு ஃப்ரேமும் மாறுது. ஃபைலுக்கு ஒதுக்கின இடத்தை ஜிகினாவே தின்னுடும், மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமா நிக்கும்.

அதுக்காகப் பின்னணியே கூடாதுன்னு சொல்ல வரலை. காலியா இருக்கிற இடத்துக்குப் போடுங்க. மினிடிவி டேப்பில் எடுத்த பழைய 4:3 படத்தை 1920 அகல ஃப்ரேமில் வச்சா ரெண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பா நிக்கும். செல்போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்ததுன்னா இன்னும் மோசம், பக்கத்துக்கு 650க்கு மேல. அங்கே நிறைய பேர் அதே படத்தைப் பெருசாக்கி மங்கலாக்கிப் போடுறாங்க. தப்பில்லை. எனக்குப் பிடிச்சது, அதே விசேஷத்துல எடுத்த குத்துவிளக்குச் சுடரையோ வாழைமரத்து இலையையோ கொஞ்சம் இருட்டாக்கி ஓட விடுறது. அதுவும் அந்த நாளோட சாட்சிதானே.

12 செகண்ட் துண்டு போதும். கேமராவை ஸ்டாண்டுல வச்சு, ஆடாம எடுக்கணும். நடுவுல வெட்டி, பின்பாதியை முன்னாடியும் முன்பாதியைப் பின்னாடியும் வைங்க. இப்போ கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும் ஒரிஜினல்ல அடுத்தடுத்து இருந்ததுங்க, அதனால எத்தனை தடவை சுத்தினாலும் அங்கே குதிக்காது. குதிக்கிற இடம் நடுவுல வந்துடுச்சு. அங்கே ரெண்டு பாதியையும் ஒரு செகண்ட் ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி டிசால்வ் போட்டா 11 செகண்ட் லூப் ரெடி. மனுசங்க, வண்டி, முக்கியமா கொக்கு, இதெல்லாம் குறுக்கே வராத துண்டா பார்த்து எடுங்க. சிலர் சுலபமா இருக்கேன்னு முன்னும் பின்னுமா ஓட்டுறாங்க. இலைக்கு அது ஓகே. சாம்பிராணிப் புகை கரண்டிக்குள்ள திரும்பிப் போறதைப் பார்த்திருக்கேன், பயமா இருந்துச்சு.

டிஸ்கி: "கல்யாண வீட்டுலயே பச்சைத் திரை கட்டி, பின்னணியை அப்புறம் மாத்திக்கலாமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். பொண்ணு கட்டப்போற பட்டு என்ன கலர்னு முதல்ல விசாரிங்க. கிளிப்பச்சைன்னா புடவைக்குள்ளேயும் அருவி கொட்டும் :-)